பிரிவு: லத்தீன்

விண்ணப்பத்தின் எட்டாவது கட்டம் 'மதம்'. ஷீஜா 'கிறிஸ்தவம்' என்று எழுதினாள். ஒன்பதாவது கட்டம் 'பிரிவு'. மதத்துக்கு அடுத்து பிரிவு கேட்டால் கடற்கரையில் பிறந்த யாரும் தங்கள் சபையின் பெயரைத்தான் எழுதுவார்கள். சி.எஸ்.ஐ.க்காரர் சி.எஸ்.ஐ. என்று எழுதுவார், மலங்கரைக்காரர் மலங்கரை என்று எழுதுவார். இருந்தாலும் அவள் சேர்க்கை மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞனிடம் கேட்டுக்கொண்டாள்.

"அண்ணா, பிரிவுன்னா இஞ்ச என்ன எழுதணும்?"

அவன் கழுத்தில் தொங்கிய அட்டையில் சிஜின் என்று இருந்தது. பேனாவை நீட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்க பிரிவு எதுவோ அத எழுது மக்கா."

லத்தீன் கத்தோலிக்கக் குடும்பம் என்பதால் அவள் 'லத்தீன்' என்று எழுதினாள். கடைசிக் கட்டமான 'வாழ்க்கை இலட்சியம்' என்பதில் 'நர்சிங்' என்று எழுதினாள். சிஜின் இரண்டையும் படித்தான். அவளுடைய பிளஸ் டூ மார்க் லிஸ்ட், டிசி, சாதிச் சான்றிதழ் மூன்றின் அசல்களையும் ஒரு காக்கி உறையில் போட்டு ஒட்டினான். எழுந்து உள்ளே போனான். அதற்குப் பிறகு அவனை அவள் அந்த வளாகத்தில் பார்க்கவில்லை.

பல்கலைக்கழகம் முட்டத்துக்குப் போகும் சாலையில், தென்னந்தோப்பு ஒன்றை வெட்டிய இடத்தில் இருந்தது. வேந்தர் டாக்டர் ரசலையன் முன்பு செங்கல் சூளை நடத்தியவர். டாக்டர் பட்டத்தை அவருடைய பல்கலைக்கழகமே அவருக்கு வழங்கியிருந்தது. வாசல் கருங்கல். மேலே மயிலாடிக் கல்கொத்தர்கள் வெட்டிய நான்கு சொற்கள், அவளுக்குத் தெரியாத பாஷையில்: இன்த்ரான்த் ஓம்னேஸ், எக்ஸித் நேமோ.

வாசலை ஒட்டிய கூண்டில் காவலாளி ததேயுஸ் இருந்தார். அவரிடம் இரண்டு பதிவேடுகள் இருந்தன. உள்ளே வருகிறவர்களின் பெயர் ஒன்றில். வெளியே போகிறவர்களின் பெயர் மற்றொன்றில். இரண்டாவதில் 'தற்காலிகம்', 'நிரந்தரம்' என்று இரண்டு பத்தி. தினமும் சாயங்காலம் எல்லோர் பெயரும் தற்காலிகத்தில் ஏறியது. ததேயுஸ் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. 'யாரு போறது?' என்று கேட்பார். சொல்வதை எழுதுவார்.

முதல் நாள் ஷீஜா நர்சிங் கட்டடத்துக்குப் போனாள். பட்டியலில் அவள் பெயர் இல்லை. வளாகத்தின் கோடியில் இருந்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். அதன் முன்னால் எட்டு சிமெண்ட் தூண்கள். தூண்களுக்கு இடையே ஆறு சிலைகள், ஒன்றுக்கும் தலை இல்லை. மயிலாடிச் சிற்பி முதலில் தலையோடுதான் செய்து கொண்டுவந்தாராம். ரோமாபுரிப் புத்தகத்துப் படத்தில் தலை இல்லை என்று வேந்தர் காட்டினார். சிற்பி தம் கையாலேயே உடைத்துக் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் வண்டியேறினார்.

துறைத்தலைவர் டாக்டர் ஆபேல் வாசலில் நின்று அவளைக் கைகூப்பி வரவேற்றார். மெலிந்த மனிதர். மார்த்தாண்டத்துக்காரர். வணிகவியல் கற்பிக்க வந்தவர்.

"சார், நான் நர்சிங்கு."

"இல்ல மக்ளே. நீ லத்தீனு."

"லத்தீன்தான் சார். ஆனா நர்சிங்கு."

ஆபேல் அவளுக்கு வழிவிட்டுக் கதவைத் திறந்தார். "எல்லாரும் இதுதான் சொல்லுகாவ" என்றார்.

அன்று தொடக்க விழா. முப்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஷீஜா ஒன்றில் உட்கார்ந்தாள். வேந்தர் பேசினார்.

"ரோமாபுரிக்காரன் செங்கல் சுட்டான். நானும் சுட்டேன். அவன் தூண் வச்சான். நானும் வச்சேன். பெறகு அவன் ஏன் அழிஞ்சான்? ஆளுகள வெளிய போக விட்டான். போனவன் போன எடத்துலயே இருந்துட்டான். இந்தப் பல்கலைக்கழகத்துல அந்தத் தப்பு நடக்காது."

ஆபேல் கைதட்டினார்.

"உலகத்தரம்னா என்ன? உலகத்துல உள்ள பழைய படிப்பெல்லாம் நம்மகிட்ட இருக்கணும். நோட்டீசுல லத்தீன் துறைன்னு போட்டாச்சு. போட்டா ஒரு மாணவராவது வேணும்னு மேலிடத்துல சொல்லுகாங்க. ஒண்ணு போதும். நாங்க பேராசை பிடிச்ச நிறுவனம் இல்ல."

பிறகு வாசலைப் பற்றிச் சொன்னார்.

"'எல்லாரும் வாங்க'ன்னு அர்த்தம். மொதல்ல ரெண்டு வார்த்ததான் இருந்து. கல்கொத்தரு வந்து, வாசல் அகலம், எழுத்து காணாது, பாதி கல்லு மொட்டையா நிக்கும்னாரு. அப்ப இருந்த லத்தீன் சாருட்ட இன்னும் ரெண்டு வார்த்த கேட்டேன். அன்னைக்கே எழுதித் தந்தாரு. மறுநாள் ஆளக் காணல. சர்ட்டிபிகேட்டக்கூட வாங்கல. அவரு நன்றி கெட்டவரு. வார்த்த நல்ல வார்த்த."

விழா முடிந்ததும் ஷீஜா பதிவாளரைப் பார்க்கப் போனாள். டாக்டர் ராஜபாய் அம்மையார் எல்லோரிடமும் எழுத்துத் தமிழில் பேசுவார். குரலை உயர்த்தியதாக யாரும் சொன்னதில்லை.

"மேடம், பாரத்துல தப்பா எழுதிட்டேன்."

"தவறு உங்களுடையதா, எங்களுடையதா?"

ஷீஜா யோசித்தாள். "தெரியல மேடம்."

"உங்களுடையது என்றால், மாற்றுவதற்கு விதி இல்லை. எங்களுடையது என்றால், எங்களிடம் தவறு நடப்பதில்லை. நீங்கள் லத்தீன் இல்லையா?"

"லத்தீன்தான் மேடம்."

"பிறகென்ன?"

வீட்டில் அம்மா சகாயசெல்வி மீன் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கழுவுவதை நிறுத்தினாள்.

"அது நம்ம ஆளுவளுக்க பேருல்லா. அத எப்பிடிட்டி படிக்கது?"

"அது ஒரு பாஷையாம்மா."

"யாரு பேசுகா?"

"யாரும் பேசல."

"பூசையே தமிழ்ல ஆயி எனக்க வயசுக்கு மேல ஆச்சு. சாமியாருக்கே தெரியாத்தத நீ படிச்சு யாருட்டப் பேசப் போற? கட்டுமரத்துட்டயா?"

வகுப்புகள் தொடங்கின. துறைக்கு முப்பது இடங்கள் அனுமதி. ஆபேல் தினமும் முப்பது எண்களையும் கூப்பிட்டார். ஒவ்வோர் எண்ணுக்குப் பிறகும், ஒரு ஆள் எழுந்து பதில் சொல்லும் அளவுக்கு நிறுத்தினார். ஷீஜாவின் எண் ஏழு. முதல் ஆறு எண்களுக்கு எதிரே பெயர்கள் இருந்தன. அவற்றின் மேல் சிவப்பு மையில் கோடு. எட்டு முதல் முப்பது வரை பெயர் இல்லை.

"ஆளில்லாத நம்பர எதுக்கு சார் கூப்பிடுகிய?"

"எடம் இருக்கே மக்ளே. எடம் இருந்தா கூப்பிடணும்."

வருகைப்பதிவு முடிய இருபது நிமிடம் ஆகும். மீதி நேரம் ஆபேல் சன்னல் வழியே கடலைப் பார்ப்பார். அவருக்கு லத்தீன் தெரியாது. அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆடி மாதக் காற்றில் சிலைகளின் கழுத்து ஓட்டைகள் வழியே ஊளை போல ஒரு சத்தம் வரும். முதலில் ஷீஜாவுக்குப் பயமாக இருந்தது. பிறகு எட்டு முதல் முப்பது வரை கூப்பிடும்போது அந்தச் சத்தம் வராவிட்டால்தான் பயமாக இருந்தது.

ஆகஸ்டில், நாகர்கோவிலில் அவள் முன்பே விண்ணப்பித்திருந்த ஒரு நர்சிங் பள்ளியின் இரண்டாவது பட்டியலில் அவள் பெயர் வந்தது. பத்து நாளுக்குள் அசல் சான்றிதழ்களோடு வர வேண்டும். சகாயசெல்வி மீன் விற்று முடித்த கையோடு பதிவாளர் அறைக்கு வந்தாள். கூடையை வெளியே வைக்கச் சொன்னார்கள். வைத்தாள்.

"பிள்ளைக்கு வேற எடத்துல சீட்டு கெடச்சிருக்கு. ஒரிஜினலத் தந்திடுங்க. எவ்வளவு கெட்டணும்னு சொல்லுங்க."

ராஜபாய் வருத்தத்துடன் புன்னகைத்தார். "நாங்கள் சான்றிதழுக்குப் பணம் கேட்கும் நிறுவனம் இல்லை, அம்மா. ஒரு பைசா வேண்டாம்."

"அப்ப தாங்க."

"பணம் கேட்டால் கொடுத்துவிட்டுப் போய்விடுவீர்கள். பிறகு உங்கள் மகளுக்கும் எங்களுக்கும் என்ன உறவு இருக்கும்?"

சகாயசெல்விக்குப் புரியவில்லை. "எனக்க மவளுக்கும் உங்களுக்கும் எதுக்கு ஒறவு?"

"துறையில் ஒரே மாணவி இவர்தான். இவர் போனால் துறை இல்லை. துறை இல்லாவிட்டால் உலகத்தரம் இல்லை. மூவாயிரம் பிள்ளைகள் உலகத்தரம் இல்லாத இடத்தில் படிக்க வேண்டிவரும். மூவாயிரம் தாய்மார்களை நினைத்துப் பாருங்கள். நீங்களும் ஒரு தாய்தானே?"

சகாயசெல்வி மகளைப் பார்த்தாள். "இந்த பொம்பள என்னட்டி சொல்லுகா? எனக்குத் தலையும் வாலும் மனசிலாவல."

"விண்ணப்பிக்கலாம்" என்றார் ராஜபாய். "விதி பதினான்கு. ஒவ்வொரு துறையின் மாணவரும் அந்தந்தத் துறையின் மொழியில் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்த்துறை என்றால் தமிழில்."

"இவ எதுல எழுதணும்?"

ராஜபாய் ஷீஜாவின் பாரத்தை எடுத்து ஒன்பதாவது கட்டத்தைக் காட்டினார்.

பத்து நாள் போயிற்று. நர்சிங் இடம் அடுத்த பெயருக்குப் போயிற்று. அதற்கு நான்காம் நாள் சகாயசெல்வி சொன்னாள்: "அந்த எழவு பாஷைய படிச்சுத் தொலை. படிச்சு எழுதிக் குடுத்து வாங்கிட்டு வா. அடுத்த வருசம் சேரலாம்."

துறை நூலகத்தில் ஒரே ஒரு லத்தீன் இலக்கணப் புத்தகம் இருந்தது. முதல் பக்கத்தில் 'ரிஜோ' என்று கையெழுத்து. வாசல் வார்த்தையை எழுதிக் கொடுத்துவிட்டு மறைந்த ஆசிரியர் அவர்தான். ஓரங்களில் பென்சிலால் தமிழில் பொருள் எழுதியிருந்தார். ஷீஜா அதை வைத்துக்கொண்டு முப்பது எண்கள் முடியும்வரை காத்திருந்து, பிறகு படித்தாள். 'இன்த்ரான்த்: உள்ளே வருகிறார்கள். ஓம்னேஸ்: எல்லோரும்.' மூன்றாவது பாடத்தின் ஓரத்தில் இருந்தது: 'எக்ஸித்: வெளியே போகிறார். நேமோ: யாரும் இல்லை. எடுத்துக்காட்டு வாசலில் காண்க.'

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். நான்கு சொற்களையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். எல்லோரும் உள்ளே வருகிறார்கள், யாரும் வெளியே போவதில்லை. வெயில் கடுமையாக இருந்தது. எழுதியவர் எச்சரித்திருக்கிறார். ஆனால் எச்சரிக்கை லத்தீனில் இருந்தது. லத்தீன் உள்ளேதான் சொல்லிக்கொடுக்கப்பட்டது.

திரும்பி வந்து ஆபேலிடம் சொன்னாள்.

"மெல்லப் பேசு" என்றார் ஆபேல்.

"உங்களுக்குத் தெரியுமா சார்?"

"பாஷை தெரியாது. அர்த்தம் தெரியும். எனக்க பிஎச்டி சர்ட்டிபிகேட்டும் பதிவாளருட்டதான் இருக்கு. ஒம்பது வருசம் ஆச்சு. பத்திரமா இருக்குன்னு சொல்லுகாவ."

கிறிஸ்துமஸுக்கு முன் ஷீஜா விண்ணப்பத்தை எழுதி முடித்தாள். நான்கே சொற்கள். கார்த்தாஸ் மெயாஸ் மிஹி ரெத்திதே. என் தாள்களை எனக்குத் திருப்பித் தாருங்கள். ராஜபாய் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்து முத்திரை வைத்தார்.

"செனட்டுக்கு அனுப்புகிறேன்" என்றார். முகத்தில் முதல் முறையாகச் சிறு குழப்பம் தெரிந்தது. அதுவரை அங்கே யாரும் லத்தீன் கற்றதில்லை.

எல்லாப் பல்கலைக்கழகத்திலும் செனட் உண்டு. இங்கே அது ரோமாபுரி உடையோடு நடந்தது. உறுப்பினர்கள் பேண்ட் சட்டைக்கு மேல் எட்டு முழ வேட்டியைச் சுற்றி, ஒரு முனையை இடது தோளில் போட்டிருந்தார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். ஷீஜாவை நடுவில் நிறுத்தினார்கள்.

வேந்தர் தாளை எடுத்தார். "இதுல என்ன எழுதியிருக்கு?"

ஷீஜா சொன்னாள்.

"நீ சொல்லுக. அது அதுதான்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? எங்களத் திட்டிக்கூட எழுதியிருக்கலாம்லா?"

"விண்ணப்பத்தை மொழி அறிந்தவர் சரிபார்க்க வேண்டும். விதி பதினைந்து" என்றார் ராஜபாய்.

"யாருக்குத் தெரியும்?"

உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஷீஜாவைப் பார்த்தார்கள்.

"விண்ணப்பதாரர் தம் விண்ணப்பத்தைத் தாமே சரிபார்க்கக் கூடாது" என்றார் ராஜபாய். "மொழி உதவியாளர் சரிபார்க்கலாம்."

ஷீஜாவை மொழி உதவியாளராக நியமித்தார்கள். நியமன ஆணை அங்கேயே தட்டச்சானது. அவள் தாளை வாங்கிப் படித்து, 'பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். வேந்தர் மகிழ்ந்தார்.

"அப்ப சர்ட்டிபிகேட் தருவீங்களா சார்?"

"பணியாளர்களின் அசல் சான்றிதழ்கள் பணிக்காலம் முழுவதும் எங்கள் பாதுகாப்பில் இருக்கும்" என்றார் ராஜபாய். "விதி மூன்று."

"நான் மாணவிதான் மேடம்."

"மாணவி என்றால், நீங்கள் சரிபார்த்தது செல்லாது."

ஆபேலின் வேட்டி தோளிலிருந்து நழுவியது. அவர் அதை எடுத்துப் போட்டுக்கொண்டார். தலையைத் தூக்கவில்லை.

கூட்டம் முடிந்ததும் ராஜபாய் அவளைத் தம்மோடு வரச் சொன்னார். ஆவணக் காப்பறையைத் திறந்தார். இரும்பு அலமாரிகளில் காக்கி உறைகள் அடுக்கடுக்காக இருந்தன. மேல்தட்டில் ஆறு கல் தலைகள். சிற்பி உடைத்துக் கொடுத்தவை. ஆறும் வாசலைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தன. ராஜபாய் ஓர் உறையை உருவிக் காட்டினார். ஷீஜாவின் பெயர் இருந்தது. மேலே தூசி இல்லை.

"வாரம் ஒருமுறை துடைக்கிறோம்" என்றார். உறையை மறுபடி உள்ளே வைத்தார். "விதி இல்லை. வழக்கம் ஒன்று உண்டு. துறை காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போகலாம். ஆறாம் எண் அப்படித்தான் போனார். நல்ல பையன். சேர்க்கை மேசையில் ஒரே ஒரு நாள் உட்கார்ந்தார்."

"சிஜினா?"

"பெயர் நினைவில்லை."

மே மாதம் நாகர்கோவில் நர்சிங் பள்ளியிலிருந்து மறுபடி கடிதம் வந்தது. இம்முறை முதல் பட்டியல். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அசல்கள். கடிதத்தின் கீழே, ஒரே விண்ணப்பதாரருக்கு மூன்றாவது முறை இடம் தரப்படமாட்டாது என்று அச்சிட்டிருந்தது. சகாயசெல்வி அந்த வரியைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டாள்.

திங்கட்கிழமை ஷீஜாவைச் சேர்க்கை மேசையில் உட்கார வைத்தார்கள். கழுத்தில் அட்டை மாட்டினார்கள். ஒன்பதாவது கட்டம் மாறவில்லை.

அன்று குளச்சலிலிருந்து ஒரு பையன் பி.காம். சேர வந்தான். பேனா ஒன்பதாவது கட்டத்தில் 'ல' போட்டுவிட்டது.

"லேய், அது சபை இல்ல. பாடம். அத அடிச்சிட்டு பி.காம்னு எழுது" என்றாள் ஷீஜா.

செவ்வாயும் புதனும் மூன்று பேருக்கு இதையே சொன்னாள். புதன் மாலை ராஜபாய் மேசைப் பக்கம் வந்து விண்ணப்பங்களைப் புரட்டினார். நான்கு அடித்தல்களின் மேலும் விரல் வைத்தார்.

"உங்களுக்கு நல்ல மனம்" என்றார். "முதல் மூன்று நாள் எல்லோருக்கும் இருக்கும்."

வியாழக்கிழமை அவள் மதியம் சாப்பிடவில்லை. மூன்று மணிக்கு ஜாஸ்பின் வந்தாள். அவளுடைய கடற்கரைதான். நான்கு வீடு தள்ளி. கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நிற்பவள்.

"ஷீஜாக்கா! நீங்க இஞ்சயா வேலை பாக்குதிய? நான் பேடிச்சிட்டே வந்தேன். உங்களக் கண்டப்பறமாக்கும் சமாதானம்."

"என்ன படிக்கணும்?"

"எனக்கும் நர்சிங்தான் அக்கா."

ஷீஜா பாரத்தை நீட்டினாள். ஜாஸ்பின் உட்கார்ந்து எழுதினாள். எட்டாவது கட்டம் முடிந்தது. சன்னல் வழியே வாசல் தெரிந்தது. ஜாஸ்பின் பேனாவைக் கடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள்.

"அக்கா, வாசல்ல என்னமோ எழுதியிருக்கே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"எல்லாரும் உள்ள வருகாங்கன்னு அர்த்தம்."

"நல்லாருக்கே. அது பாதிதான? மத்த பாதிக்கு?"

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து.

"அது மூணாவது பாடத்துல வரும்" என்றாள் ஷீஜா.

ஜாஸ்பின் சிரித்துவிட்டுக் குனிந்தாள். பேனா ஒன்பதாவது கட்டத்துக்கு மேல் நின்றது.

"பிரிவுன்னா என்னக்கா எழுதணும்?"

ஷீஜா மேசை மேலிருந்த காக்கி உறைகளை அடுக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே அவை அடுக்கித்தான் இருந்தன.

"உனக்க பிரிவு எதுவோ அத எழுது மக்கா."

ஜாஸ்பின் 'லத்தீன்' என்று எழுதினாள். கையெழுத்து அழகாக இருந்தது.

மூன்றரைக்கு ராஜபாய் ஷீஜாவின் உறையைக் கொடுத்தார். ஷீஜா அங்கேயே பிரித்துப் பார்த்தாள். மூன்றும் இருந்தன. கோடியிலிருந்த துறைக் கட்டடத்தைக் கடக்கும்போது உள்ளே ஆபேல் ஒரு பெயரின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். காற்று இல்லை. சிலைகள் சத்தம் போடவில்லை.

அவள் வாசலுக்கு வந்தாள். உட்பக்கக் கல்லில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ததேயுஸ் இரண்டாவது பதிவேட்டைத் திறந்து 'நிரந்தரம்' என்ற பத்தியில் பேனாவை வைத்தார். தலை நிமிரவில்லை.

"யாரு போறது?"

ஷீஜா வாயைத் திறந்தாள். பின்னால் சேர்க்கை அறையிலிருந்து ஜாஸ்பின் யாரிடமோ சிரித்துப் பேசுவது கேட்டது.

"யாரும் இல்ல" என்றாள்.

ததேயுஸ் அப்படியே எழுதிக்கொண்டார்.